காதால் அறிந்த கடற்கரை ஊர்

உங்களில் சிலர் இந்த மேசைக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகக் கடக்கவில்லை. என் பிரியாவிடை நாளில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இவ்வளவு வருசமா ஃபோனில இருந்து என்னத்தைக் கண்டனீங்கள்?" அப்போது என் வாய் நிறையக் கேக். தவிர, நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதிலும் அல்ல அது. அதனால் எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் அலுவலகம் முழுவதும் வாசிக்கும் என்று மகன் சொன்னான். உண்மைதான். ஆனால் நான் சொல்லப்போகிற நாளில் எனக்கு வந்த பயம் தமிழில்தான் வந்தது. அதைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும்.

நான் கண்டது ஓர் ஊரை. கண்டேன் என்று சொல்வதும் பிழை. பல வருடங்களாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். மீன் ஆலைகளின் குளிரூட்டும் இயந்திரங்களை நம் கொம்பனி பூட்டிக் கொடுக்கிறது. அவை மக்கர் பண்ணினால் ஆலைக்காரர் மொன்றியலுக்கு அடிக்கிறார்கள். நாம் கேட்கிறோம், சொல்லித் தீரக்கூடியதைச் சொல்லித் தீர்க்கிறோம், தீராததற்கு மெக்கானிக்கை அனுப்புகிறோம். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, ஜன்னலே இல்லாத ஓர் அறைக்கு வந்து உட்கார்ந்தால், அங்கிருந்தபடி கேபெக் மாகாணத்தின் வடகரை முழுவதும் உங்கள் காதுக்குள் வந்துவிடும்.

நான் சொல்லும் ஊர் அந்த வடகரையில் வெகு தொலைவில், கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிறிய மீன்பிடி ஊர். பெயரை எழுதவில்லை. சின்ன ஊர்; பெயரைச் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும்.

அங்கிருந்து முதல் அழைப்பு வந்தபோது எடுத்தவள் நான்தான். மறுமுனையில் ஆலையின் இயந்திர அறையைப் பார்க்கிற ழில். என் இரண்டு வசனத்தைக் கேட்டுவிட்டு, "வேறை ஆரும் இருந்தால் குடு. உன்ர பிரெஞ்சு எனக்கு விளங்கேல்லை" என்றான். (அவர்கள் பேசியது பிரெஞ்சு. நான் நம் பேச்சிலேயே தருகிறேன். அந்த ஊரில் யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை, அதனால் நானும் 'நீ' போட்டே எழுதுகிறேன்.)

"உன்ர பிரெஞ்சும் எனக்கு விளங்கேல்லை" என்றேன். "ரெண்டு பேரும் மெதுவாக் கதைப்பம்."

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. அன்றிலிருந்து ழில் வேறு யாரையும் கேட்டதில்லை.

இயந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால் அழுத்தம் நிலைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நம்மில் சிலர் ஃபோனில் காத்திருப்புப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. ழிலும் போவதில்லை; பக்கத்தில் நிற்கிற படகுக்காரர், ஆலைப் பெண்கள் எல்லாரிடமும் ஃபோனைக் கொடுப்பான். அப்படித்தான் அந்த ஊரின் கதை எனக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஊருக்கு முன்னால் விரிகிற வளைகுடாவின் தெற்கே இருக்கிற தீவுகளிலிருந்து சில குடும்பங்கள் பாய்க்கப்பலில் வந்து இறங்கியிருக்கின்றன. கொட் மீன் அவ்வளவு இருந்ததாம். ஆண்கள் பிடித்து வர, பெண்கள் பிளந்து, உப்பிட்டு, கரையில் தட்டி போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். மழை இருட்டினால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மீனை மூட ஓடுவார்களாம். பிறகு ஒரு காலத்தில் கொட் இல்லாமல் போயிற்று. அரசாங்கம் அதைப் பிடிக்கக்கூடாது என்றது. ஆலைக் கதவில் பலகை அடித்தார்கள். இளம் ஆட்கள் சுரங்கங்களுக்கும் மொன்றியலுக்கும் போனார்கள். ழில்கூட சில வருடம் இங்கே ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கியவன்தான். "மெட்ரோவில ஒருத்தரும் முகத்தைப் பார்க்கமாட்டினம், அதுதான் திரும்பிப் போனனான்" என்று சொல்வான்.

அதற்குப் பிறகு ஆழ்கடல் நண்டு வந்தது. ஊரார் எல்லாரும் சேர்ந்து பழைய ஆலையை வாங்கினார்கள். அதை நடத்த, வெளியூரில் கணக்காளராக இருந்த கொலெத் என்ற பெண்ணைத் திருப்பி அழைத்தார்கள். அவள் ஒரு படகுக்காரரின் மகள். நம் கொம்பனி புது இயந்திரம் பூட்டியது. ஊரின் சீவனே அந்த இயந்திரத்தில் நின்றது.

நான் மன்னார்க்காரி என்பதால் எனக்குக் கடல் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். நண்டை நான் சந்தையில்தான் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஆட்களின் குரல். இந்த மேசையில் அது போதும். எப்படிப் போதும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

சில வருடங்களுக்கு முந்திய வசந்தம். நண்டுப் பருவத்தில் படகுகள் முதல் பிடியை இறக்கும் நாள். பனி உருகும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்து பெய்து ஆறுகள் எல்லாம் பொங்கியிருந்தன. காலையில் நான் கோப்பியை மேசையில் வைக்க, ழிலின் அழைப்பு.

"றெஜினா, திரும்பவும் அந்தச் சனியன் பிடிச்ச அலாரம். அமோனியா எண்டு கத்துது. நிப்பாட்டுற வழியைச் சொல்லு. படகெல்லாம் துறையில நிக்குது, ஆக்கள் எல்லாம் உள்ள நிக்கினம், இண்டைக்கு எனக்கு இதுக்கு நேரமில்லை."

அவன் எரிச்சலில் நியாயம் இருந்தது. அமோனியா கசிவைக் கண்டுபிடிக்கும் அந்தக் கருவி அந்தக் குளிர்காலம் முழுவதும் பொய்யாகக் கத்தியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்களை வெளியே அனுப்பி, பனியில் நடுங்கவைத்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். அதை மாற்றத்தான் நம் மெக்கானிக் சிவா அந்த நேரத்தில் வீதியில் போய்க்கொண்டிருந்தான்.

"மணம் வருதா?" என்று கேட்டேன்.

"ஒரு மணமும் இல்லை."

அமோனியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இயந்திரத்துக்குள் ஓடிக் குளிரூட்டுகிற அந்த நச்சு வாயு கொஞ்சம் கசிந்தாலே மூக்கு சொல்லிவிடும். மணமில்லை என்றால் கசிவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால், அலாரத்தை அடக்கும் வழியை நானும் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் சொன்னவன் ழில். கிறிஸ்மசுக்கு முன்னர் கடுமையான காய்ச்சல் வந்து எழும்பியதிலிருந்து மனைவி சுடுகிற பாணின் வாசம்கூடத் தெரியவில்லை என்று அவனே எனக்குச் சொல்லியிருந்தான். இயந்திரம் அழுத்தத்துக்கு வரக் காத்திருந்த ஏதோ ஒரு நேரத்தில், பகிடியாகச் சொன்னது.

"ழில், கண் எரியுதா?"

"நித்திரை இல்லாட்டில் கண் எரியும்தானே."

"தொண்டை?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். செருமினான். மறுபடி செருமினான். மூக்கு சொல்லாததைத் தொண்டை சொல்லிவிட்டது.

நம் விதி என்ன? நாம் ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு வாடிக்கையாளருடையது. அந்த விதி எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் ஆலோசனை சொல்லவில்லை.

"ழில், உனக்கு மூக்கு வேலை செய்யாது. அறைக் கதவைத் திறக்காதே. வெளியில இருக்கிற சிவப்பு பட்டனை அமத்திப்போட்டு எல்லாரையும் வெளியில எடு. ஒருத்தரும் உள்ள நிக்கக்கூடாது. காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது?"

"கடற்பக்கத்தால."

"அப்ப துறைப் பக்கம் போங்கோ. ரோட்டுப் பக்கம் வேண்டாம்."

"கொலெத் என்னைக் கொல்லப்போறாள்."

"என்னைக் கொல்லச் சொல்லு. மொன்றியலில இருந்து றெஜினா சொன்னவள் எண்டு சொல்லு. ஓடு."

பட்டன் விழும் சத்தம் கேட்டது. அந்த ஆலையின் இரைச்சலைப் பல வருடமாகக் கேட்டுப் பழகிய என் காதுக்கு, அது அடங்கிய கணம் ஒரு ஆள் மூச்சை நிறுத்தியதுபோல் இருந்தது.

பயந்தது அதற்குப் பிறகுதான். என் தலைக்குப் பின்னால் நம் பிரிவுத் தலைவர் நின்றிருந்தார். பெயரை எழுதினால் கோபிப்பார், விட்டுவிடுகிறேன். குறைவாகப் பேசுகிற மனிதர். நான் நிறுத்தச் சொன்னதை அவர் கேட்டிருந்தார். பருவத்தின் முதல் நாளில், பொய் சொல்லிப் பழகிய அலாரத்துக்காக, ஒரு ஊரின் ஒரே ஆலையை நான் மூடியிருக்கிறேன். அலாரம் இன்றைக்கும் பொய்யாக இருந்தால்?

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஒரு ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "மற்ற ஃபோன் கோல் எல்லாம் நான் எடுக்கிறன். நீ இந்த ஊரை மட்டும் பார்" என்றார். நாள் முழுவதும் அவர் மற்ற எல்லா ஆலைகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் ஒருநாள் தலைவர்களாவீர்கள். நெருக்கடியில் அறிவுரை சொல்கிற தலைவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கீழே இருப்பவரின் மேசையைக் காலியாக்கிக் கொடுத்த தலைவரை நான் ஒருவரைத்தான் கண்டேன்.

ஊரின் தீயணைப்புத் தொண்டர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள். கொலெத்தே அழைத்தாள்.

"கசிவு உண்மை. பம்பின்ர அடியில. அறை முழுக்கப் புகைபோல நிக்குதாம். கதவைத் திறந்திருந்தால்…" அவள் முடிக்கவில்லை. "எல்லாரும் வெளியில நிக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ழில் மாத்திரம் இருமிக்கொண்டிருக்கிறான், நேர்ஸ் பார்க்கிறா."

நான் ஹெட்செட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினேன். அவ்வளவுதான் நேரம் கிடைத்தது. அடுத்த அழைப்பு சிவாவிடமிருந்து.

சிவா சாவகச்சேரிப் பெடியன். ஓடாத இயந்திரத்தை ஓட வைக்கக்கூடியவன். அவன் குரலில் அன்றைக்கு ஒரு தினுசான அமைதி.

"அக்கா, ரோட்டு இல்லை."

"இல்லை எண்டால்?"

"ஆறு அப்படியே எடுத்துக்கொண்டு போட்டுது. எனக்கு முன்னால பெரிய கிடங்கு. தண்ணி மரங்களையும் இழுத்துக்கொண்டு போகுது. அங்கால ஊர் வீட்டுக் கூரையள் தெரியுது. போக ஏலாது."

பம்பின் கசிவை அடைக்கிற சீல் சிவாவின் வண்டியில் எப்போதும் இருக்கும்; அந்தச் சீலும் அதை மாற்றத் தெரிந்த ஆளும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஆலை அந்தப் பக்கம். துறையில் படகுகள் நிறைய உயிர் நண்டு. நண்டை உயிரோடு அவிக்க வேண்டும், செத்துவிட்டால் எறிய வேண்டியதுதான். லொறியில் வேறு ஆலைக்கு அனுப்பலாம் என்றால், அதே வீதிதான், அதுவும் இல்லை.

கொலெத்திடம் சொன்னேன். அவளுக்குப் பின்னால் காற்றும் கடற்பறவைகளும் ஆட்களின் குரல்களும் கேட்டன. ஊர் முழுவதும் துறையில் நின்றிருந்தது.

"உங்கட ஆக்களிட்டைக் கேள், கொலெத்" என்றேன். "மெசின் இல்லாத காலத்திலயும் உங்கட ஊரில மீன் பிடிச்சவைதானே."

அவள் ஃபோனைக் கையிலேயே பிடித்தபடி கேட்டாள். எனக்கு எல்லாம் கேட்டது. நண்டுப் பெட்டிகளைக் கட்டித் துறையடியிலேயே கடலுக்குள் இறக்குவோம் என்றான் ஒருவன். ஆற்று வெள்ளம் துறைக்கு வருகிறது, நன்னீர் பட்டால் நண்டு செத்துவிடும் என்றது இன்னொரு குரல். சத்தம் கூடியது. பிறகு கொலெத்தே எல்லாரையும் மிஞ்சிக் கத்தினாள்:

"துறைக்கு எதிரில இருக்கிற தீவுக்குப் பின்னால! அங்க ஆத்துத் தண்ணி போகாது. ஆழமா இறக்குங்கோ. மேல மிதவை கட்டுங்கோ. வெளிக்கடலில இருக்கிற நண்டுக் கூடுகளை ஒருத்தரும் இண்டைக்குத் தூக்க வேண்டாம், அதுகள் அடியிலயே கிடக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் கேட்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஊர் முழுவதும் வேலையில் இறங்கியது. ஆலைப் பெண்கள் ஏப்ரனோடு வரிசையாக நின்று பெட்டி கைமாற்றினார்களாம். பள்ளிக்கூடத்து ஆசிரியை, கடைக்காரர், பங்குத்தந்தை, எல்லாரையும் கொலெத் பெயர் சொல்லி ஏவிக்கொண்டிருந்தாள். படகுகள் ஒவ்வொன்றாக இயந்திரத்தைக் கிளப்பின. நான் மொன்றியலில், ஜன்னலில்லாத அறையில், நாற்காலி நுனியில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போனேன்.

மிச்சம் இருந்தது சிவா. கடல் வழியாக அவனை அவன் நிற்கிற கரையிலிருந்து ஏற்றி வரலாம் என்றாள் கொலெத். அவள் ஆட்கள் எல்லாரும் நண்டோடு நிற்க, சின்னப் படகை அவளே ஓட்டுவாளாம். நம் பக்கத்தில் பெரிய அதிகாரிகள் இரண்டு பேர் இதற்குள் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். "உடனே ஏத்தச் சொல்லு, நேரம் போகுது" என்றார் ஒருவர்.

நான் கொலெத்திடம் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"உன்ர சொந்த மகனை இப்ப இந்தக் கடலில ஏத்துவியா?"

நான் வாழ்க்கையில் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். உடனே பதில் வந்தது.

"இப்ப இல்லை. ஆத்து வாயில மரம் மிதக்குது. காத்தும் கூட. பின்னேரம் காத்து விழும்."

"அப்ப பின்னேரம் வரை பொறுப்பம்."

அதிகாரிக்கு முகம் கறுத்தது. "நண்டு?" என்றார்.

"நண்டு கடலில இருக்கு சேர். அதுக்கு அங்க இருக்கப் பழக்கம்" என்றேன். பக்கத்துக் கதிரையில் நம் தலைவர் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதைக் கண்டேன்.

சிவாவுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "தம்பி, இதைச் செய்யச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். கடல் எப்படி இருக்கெண்டு எனக்குத் தெரியாது. கொலெத் பின்னேரம் சரிவரும் எண்டிறா. வேண்டாம் எண்டால் வேண்டாம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம், நான் பார்த்துக்கொள்ளுறன்."

"அக்கா, எனக்கு நீந்தத் தெரியாது."

"ஓம், எனக்குத் தெரியும்."

"அந்த மனுசி நல்லா ஓட்டுவாவோ?" என்றான்.

"அவவின்ர ஆக்கள் பாய்க்கப்பலில வந்து இறங்கினவை."

"அப்ப வாறன் எண்டு சொல்லுங்கோ."

பின்னேரம் காற்று விழுந்தது. படகில் ஏறியதும் சிவா ஃபோனை நிறுத்திவிட்டான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்தக் குரலும் இல்லை. அதுவரை எவ்வளவோ சத்தத்தைத் தாங்கியிருந்தேன். அந்த மௌனம்தான் தாங்க முடியாமல் இருந்தது. தலைவர் தன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் இருந்தார். நான் மனதுக்குள் எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபோன் அடித்தது. கொலெத்.

"உன்ர பெடியன் வந்திட்டான்" என்றாள். "வழி முழுக்கக் குடலைப் பிரட்டிச் சத்தி எடுத்தவன். இப்ப துறையில இருந்துகொண்டு 'மெசின் எங்க, மெசின் எங்க' எண்டு கேக்கிறான்."

நான் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களும் அழுவீர்கள்.

தீயணைப்பு ஆட்கள் அறையிலிருந்த வாயுவை வெளியேற்றி, உள்ளே போகலாம் என்ற பிறகு, சிவாவும் ழிலும் முகமூடியோடு இறங்கினார்கள். தமிழ் தெரியாத ழிலும், அந்த ஊர்ப் பிரெஞ்சு விளங்காத சிவாவும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தே சீலை மாற்றினார்கள். கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியையும் மாற்றினார்கள். ஊருக்குள் வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரம், என் ஹெட்செட்டில் அந்தப் பழகிய இரைச்சல் மெல்ல எழும்பியது. அழுத்தம் ஏறியது. நின்றது. நிலைத்தது.

"றெஜினா, கேக்குதா?" என்றான் ழில்.

"கேக்குது."

விடிந்ததும் தீவுக்குப் பின்னால் போய்ப் பெட்டிகளைத் தூக்கினார்கள். முதல் பெட்டி மேலே வந்தபோது கொலெத் எனக்குப் படகிலிருந்தே அடித்தாள். ஃபோனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்தாள். நண்டுகள் ஒன்றையொன்று மிதித்து ஏறும் சரசரப்பு. மிக நன்றாகக் கேட்டது. இங்கே நான் ஒலிபெருக்கியைப் போட்டேன். நம் அறை முழுவதும், அந்த அதிகாரிகள் உட்பட, எழும்பி நின்று கை தட்டியது.

அந்தப் பருவம் ஊருக்கு நல்ல பருவமாக அமைந்தது. மூடப்போகிறார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. வெளியூரில் இருந்த சில குடும்பங்கள் திரும்பி வந்தன. நம் கொம்பனி பிறகு அந்த விதியை மாற்றியது. உயிருக்கு ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால், மேசையில் இருப்பவரே நிறுத்தச் சொல்லலாம். நீங்கள் பயிற்சியின் முதல் நாளில் வாசித்தீர்களே, அந்த வரி அப்படி வந்ததுதான். அதை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள். ஆனால் அது சரியாகப் பயன்பட வேண்டுமென்றால், மறுமுனையில் இருக்கிற ஆளை நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இயந்திரம் அழுத்தத்துக்கு வரும் வரை பாட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அந்தக் கோடையில் ஊரார் தங்கள் படகுத் திருநாளுக்கு எங்களை அழைத்தார்கள். சிவா இனிக் கடல் வழியாக வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, புதிதாகப் போட்ட வீதியால் கார் ஓட்டி வந்தான். தலைவரும் வந்தார். துறையில் என்னை யாருக்கும் தெரியவில்லை. சேலை கட்டிய, கட்டையான, கண்ணாடி போட்ட ஒரு பொம்பிளை, அவ்வளவுதான். எனக்கும் அவர்களைத் தெரியவில்லை. நான் மனதில் வைத்திருந்த ழில் நெட்டையானவன். வந்து கையைப் பிடித்தவன் என் உயரம்தான் இருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

படகுகள் வரிசையாக வெளியே போகத் தயாராகின. கொலெத் என்னைத் தன் அண்ணனின் படகில் ஏற்றி, ரேடியோவின் ஒலிவாங்கியைக் கையில் தந்தாள்.

"கதை. எல்லாப் படகிலயும் கேக்கும்."

"என்னத்தைச் சொல்ல?"

"என்னவாவது சொல்லு. உன்ர முகத்தைப் பார்த்தால் இவைக்கு நீ ஆரெண்டு விளங்காது."

நான் பட்டனை அமத்தி, "எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்குக் கடல் எப்படி?" என்றேன்.

முதல் படகு கொம்பு ஊதியது. அடுத்தது ஊதியது. அதற்கடுத்தது. பின்னர் ஒவ்வொரு படகிலிருந்தும் ஒவ்வொரு குரல், வணக்கம் றெஜினா, வணக்கம் றெஜினா என்று வரத் தொடங்கியது. எந்தக் குரல் யாருடையது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். படகுகள் ஒன்றின் பின் ஒன்றாகத் துறையை விட்டு வெளியேறின.